வீட்டுப் பட்டறைக்கு பழைய சிஎன்சி மில்: வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஒரு பதில்ல, வீட்டு கார் ஷெட்டுலயே, சுத்தற கட்டரால உலோகத்தை வெட்டற சின்ன மில்லிங் மெஷின் ஒண்ணு வச்சு ஆசைக்கு வேலை பாக்கலாம்னு சொல்லியிருந்தேன். அதைப் படிச்சுட்டு வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல, செகண்ட்ஸ்ல சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்றபடி தானா வெட்டற மில்) வாங்கலாமா, எதைப் பாத்து வாங்கறதுன்னுதான் இருக்கு. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே. டூல் ரூம்ல 26 வருஷம் நின்ன ஆளு நான், சொல்றது எல்லாம் கையால தொட்டுப் பாத்தது.

நான் பேங்க்ல வேலை பாக்கறேன். சின்ன வயசுல இருந்தே ஸ்டீம் இன்ஜின் மாடல் செய்யணும்னு ஆசை. பக்கத்துல மூடப்போற ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல டிரெய்னர் (பசங்க பழகற சின்ன) சிஎன்சி மில் ஏலத்துக்கு வருது. இன்னும் கொஞ்சம் காசு போட்டா பழைய விஎம்சியே (ஃபேக்டரில ஓடற பெரிய சிஎன்சி மில்) கிடைக்கும்னு புரோக்கர் சொல்றார். எது நல்லது சார்? (வாசகர், சிங்காநல்லூர்)

முதல்ல ஒரு பேப்பர் எடுத்து, நீங்க செய்யப்போற மாடல்ல பெரிய பார்ட் எதுன்னு எழுதுங்க. சிலிண்டர் பிளாக், பெட் பிளேட், கனெக்டிங் ராடு, கிராங்க் வெப், வால்வு செஸ்ட், இதுல எதுவுமே சாதாரணமா 150 எம்எம்மை தாண்டாது, ஃப்ளைவீல் லேத் வேலை. அப்புறம் எதுக்குங்க விஎம்சி? அது ரெண்டு டன்னுக்கு மேல வெயிட்டு, ஹைட்ரா கிரேன் வந்து இறக்கணும், தரை தாங்கணும், 3 ஃபேஸ் கரண்ட் வேணும், டூல் மாத்தறதுக்கு 6 பார்ல கம்ப்ரஸர் ஓடிட்டே இருக்கணும், ஷெட்டு கதவு ஏழு அடி இருந்தா மெஷினோட தலை எட்டு அடி இருக்கும். புரோக்கர் சொல்ற விலை மெஷினுக்கு மட்டும்தான், அது வீட்டுக்கு வந்து ஓடறதுக்குள்ள ஆகற செலவு தனி.

டிரெய்னர் மெஷின் நம்ம ஊர் காலேஜ்ல நிறைய இருக்கு. சென்னை எம்டேப் கம்பெனியோட எக்ஸ்எல்மில், இங்கிலாந்து டென்ஃபோர்டோட டிரையாக், ஆஸ்திரியா எம்கோ மெஷின்கள் எல்லாம் லேப்ல நிக்கும். இதுல ஒரு பெரிய நல்லது என்னன்னா ஃபேக்டரி மெஷின் மாதிரி மூணு ஷிஃப்ட் ஓடினது கிடையாது, பசங்க மெழுகுலயும் அக்ரிலிக்லயும் அலுமினியத்துலயும் பேரை வெட்டிப் பாத்திருப்பாங்க, பாதி நேரம் காத்துலயே கட்டர் ஓடியிருக்கும், அதனால ஸ்லைடு (டேபிள் நகர்ற தடம்) தேய்ஞ்சிருக்கறது ரொம்ப அபூர்வம். கெட்டது ரெண்டு. ஒண்ணு, வருஷக்கணக்கா ஆயில் போடாம காஞ்சு கிடந்திருக்கும், துரு ஏறியிருக்கும். ரெண்டாவது, ஆஃப்செட் (கட்டரோட நீளக் கணக்கு) தப்பா போட்டு ஸ்பிண்டிலை (கட்டரைச் சுத்தற தண்டு) நேரா பார்ட்டைப் புடிக்கற வைஸ்ல இறக்கியிருப்பாங்க. டேபிள்லயும் வைஸ் மேலயும் குழி குழியா காயம் இருந்தா அந்த ஸ்பிண்டிலோட பேரிங்கை சந்தேகப்படுங்க.

சின்ன மெஷின்னா அதோட பலம் என்னன்னு தெரிஞ்சே வாங்கணும். ஸ்பிண்டில் ஒரு குதிரைத்திறன் சுமாருக்கு இருக்கும், நிறைய டிரெய்னர்ல அதிகபட்சம் 3000 ஆர்பிஎம் பக்கம். 6 எம்எம் கட்டர் 3000-ல சுத்தினா வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 56 மீட்டர்தான் வரும், கார்பைடு கட்டர் அலுமினியத்துல 150 மீட்டரை சுலபமா தாங்கும், அதுக்கு 8000 ஆர்பிஎம் வேணும். ரெண்டு பல்லு கட்டர், பல்லுக்கு 0.03 எம்எம்னு வச்சா ஃபீடு நிமிஷத்துக்கு 180 எம்எம். புரொடக்ஷன் பண்றவங்களுக்கு இது கட்டாது, ஆனா சாயங்காலம் வேலை முடிச்சு வந்து ஒரு சிலிண்டரை ரெண்டு மணி நேரம் வெட்டற உங்களுக்கு தாராளம். எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) வெட்டறப்ப 10 எம்எம் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டருக்கு 800, 900 ஆர்பிஎம் போதும், அந்த ஸ்லோ ஸ்பீடுல மோட்டார் திணறாம இழுக்குதான்னு மட்டும் கண்டிப்பா ஓட்டிப் பாருங்க.

கடைசியா, இதுக்கு அப்புறம் வர்ற எல்லா பதிலுக்கும் அடிப்படை இது: நீங்க காசு கொடுக்கறது வார்ப்பு இரும்புக்கு, ஸ்லைடுக்கு, டேபிளை நகத்தற பால் ஸ்க்ரூவுக்கு, ஸ்பிண்டிலுக்கு. ஸ்க்ரீனுக்கும் பட்டனுக்கும் இல்ல. எலக்ட்ரானிக்ஸ் போனா மாத்திக்கலாம், பெட் தேய்ஞ்சா வீட்டுல வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

மெஷின் பாக்கப் போறப்ப என்னென்ன கொண்டு போகணும், எப்படி செக் பண்றது? விக்கறவர் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருக்கார். (வாசகர், ஓசூர்)

ஒரு லீவர் டயல், ஒரு பிளஞ்சர் டயல் (ரெண்டும் சின்ன ஆட்டத்தையும் முள்ளால காட்டற அளவு கருவி), மேக்னெட்டிக் ஸ்டாண்டு, 10 எம்எம் கிரைண்டிங் பண்ணின டவல் பின் (நேரான உருண்டை ஸ்டீல் பின்), டார்ச், வேஸ்ட் காட்டன். இவ்வளவுதான். பெயிண்ட்டைப் பாக்காதீங்க, கவரைக் கழட்டச் சொல்லுங்க. கழட்ட விடலைன்னா அங்கயே டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

ஸ்பிண்டில்ல ஆரம்பிங்க. டேப்பரை (ஹோல்டர் உக்கார்ற கூம்பு ஓட்டை) காட்டன்ல நல்லா துடைச்சுட்டு லீவர் டயலை டேப்பர் உள்ளேயே வச்சு கையால மெதுவா சுத்துங்க, 0.01 எம்எம்க்குள்ள நின்னா சின்ன மெஷினுக்கு நல்ல ஸ்பிண்டில். அப்புறம் கட்டரைக் கவ்வற கோலெட்ல டவல் பின்னைப் புடிச்சு 50 எம்எம் கீழ இன்னொரு தடவை பாருங்க. டேப்பர்ல சரியா இருந்து பின்ல ஆடினா கோலெட்டு கோளாறு, அது சின்ன செலவு. ரெண்டுலயும் ஆடினா பேரிங்லயோ டேப்பர்லயோ கோளாறு. அதுக்கு அப்புறம் ஃபுல் ஸ்பீடுல அரை மணி நேரம் ஓடவிட்டு ஹெட் மேல கையை வைங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. சத்தம் ஒரே சீரா வரணும், நடுவுல கரகரன்னு வந்து வந்து போனா பேரிங் பேசுதுன்னு அர்த்தம்.

பேக்லாஷ் (டேபிள் திசை மாறறப்ப ஸ்க்ரூல இருக்கற லூசு) பாக்கறதுதான் முக்கியம், இதுலதான் நான் ஏமாந்தேன். ஸ்டாண்டை ஸ்பிண்டில் ஹெட்ல ஒட்டி டயலை டேபிள் பக்கத்துல முட்ட வைங்க. ஒரே திசையில 0.1 நகத்தி டயலை ஸீரோ பண்ணுங்க, இப்ப எதிர் திசையில 0.01, 0.01-ஆ பட்டனை அமுக்கி நகத்துங்க. முள்ளு அசையறதுக்கு முன்னாடி எத்தனை தடவை அமுக்கினீங்களோ அதுதான் பேக்லாஷ். ரெண்டு மூணு அமுக்கு ஓகே. இதை டேபிளோட இடது கோடியில ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, வலது கோடியில ஒரு தடவைன்னு மூணு இடத்துல பண்ணணும். எல்லா வேலையும் நடுவுலதான் நடக்கும், அதனால ஸ்க்ரூ நடுவுலதான் தேயும். நான் முதல் மெஷின் வாங்கினப்ப டேபிளை ஒரு ஓரமா நிறுத்தி வச்சிருந்தாங்க, அங்கயே டயல் வச்சுப் பாத்தேன், 0.02 காட்டுச்சு, சந்தோஷமா அட்வான்ஸ் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து நடுவுல வச்சுப் பாத்தா 0.14. மூணு இடத்துலயும் ஒரே அளவு லூசா இருந்தா பெரும்பாலும் எண்ட் பேரிங்கோ நட்டோதான், அது சரி பண்ணிடலாம். நடுவுல லூசு, ஓரத்துல டைட்டுன்னா ஸ்க்ரூவே போச்சு, அந்த செலவை விலையில கழிச்சுட்டுப் பேசுங்க.

விக்கறவர் சொல்வார், பேக்லாஷை கண்ட்ரோல்ல காம்பன்சேஷன் போட்டு சரி பண்ணிக்கலாம்னு. நம்பாதீங்க. காம்பன்சேஷன் வந்து டேபிள் திரும்பறப்ப இருக்கற லூசை கணக்குல எடுத்துக்கும், அவ்வளவுதான், கிளைம்ப் மில்லிங்ல (கட்டர் பல்லு சுத்தற திசையிலயே பார்ட்டும் நகர்ற வெட்டு) கட்டர் பார்ட்டைப் புடிச்சு இழுக்கறப்ப அந்த லூசு அங்கயேதான் இருக்கும், டேபிள் முன்னாடி துள்ளும், கட்டர் உடையும்.

அப்புறம் டேபிளோட ரெண்டு மூலையைப் புடிச்சு முன்னையும் பின்னையும் ஆட்டுங்க, டயல் எவ்வளவு நகருதுன்னு பாருங்க. ஜிப்பை (ஸ்லைடுல லூசை இறுக்கற பட்டை) டைட் பண்ணி சரியாகுதான்னு பாருங்க, நடுவுல சரியாகி ஓரத்துல ஜாம் ஆச்சுன்னா ஸ்லைடு தேய்ஞ்சிருக்கு. டார்ச் அடிச்சு ஸ்லைடுல கோடு கோடா கீறல் இருக்கான்னு பாருங்க, ஆயில் பம்பை ரெண்டு தடவை இழுத்துட்டு எல்லா ஸ்லைடுலயும் ஆயில் கசியுதான்னு பாருங்க. ஒரு பக்கம் வரலைன்னா அந்த லைன் அடைச்சிருக்கு, எவ்வளவு நாளா அடைச்சிருக்குன்னுதான் நீங்க யோசிக்கணும்.

விக்கறவர் ஒத்துக்கிட்டா ஒரு அலுமினியத் துண்டுல 60 எம்எம் வட்டம் வெட்டச் சொல்லுங்க. எக்ஸ் பக்கம், ஒய் பக்கம், 45 டிகிரி சாய்வுல ரெண்டு பக்கமும் மைக்ரோமீட்டர் வச்சு அளந்து பாருங்க. நாலு திசையிலயும் திரும்பற இடத்துல சின்னதா படி மாதிரி விழுந்திருந்தா பேக்லாஷ், சாய்வுல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா ரெண்டு ஆக்ஸிஸ் ஒண்ணுக்கொண்ணு நேர்கோணத்துல இல்ல. ஒரு வட்டத்துல மெஷினோட மொத்த ஜாதகமும் தெரிஞ்சுடும்.

பழைய ஃபேனக் கண்ட்ரோல் வச்ச மில் ஒண்ணு ரெண்டு வருஷமா கரண்ட் இல்லாம கிடக்கு, ஆன் பண்ணினா அலாரம் மட்டும் வருது. இன்னொரு இடத்துல டாஸ் கம்ப்யூட்டர்ல ஓடற டிரெய்னர். எதைத் தொடலாம்? (வாசகர், அம்பத்தூர்)

ஃபேனக் ஸீரோ சீரிஸ்னா பேட்டரி பெட்டியில 3 பெரிய டார்ச் செல் இருக்கும், அதுதான் மெமரியைக் காப்பாத்துது. ரெண்டு வருஷம் கரண்ட் இல்லாம கிடந்து அந்த செல்லும் செத்திருந்தா பாராமீட்டர் (மெஷினோட செட்டிங் நம்பர்கள்) முழுக்க அழிஞ்சிருக்கும். இதுல நிறைய பேர் பண்ற தப்பு, மெஷினை ஆஃப் பண்ணிட்டு செல் மாத்தறது. ஆன்ல வச்சேதான் மாத்தணும். அழிஞ்சுபோச்சுன்னா பாராமீட்டர் லிஸ்ட் இல்லாம உயிர் குடுக்க முடியாது, முக்கியமா 900-ல ஆரம்பிக்கற ஆப்ஷன் பாராமீட்டர் அந்தந்த மெஷினுக்குன்னு இருக்கறது. அதனால முதல் கேள்வியே "பாராமீட்டர் ஷீட் இருக்குங்களா"ன்னு கேளுங்க, சில சமயம் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருப்பாங்க. இருந்தா விலை பேசுங்க. இல்லன்னா அது கண்ட்ரோல் இல்லாத மெஷின்னு நெனச்சு விலை பேசுங்க.

டாஸ் டிரெய்னரைப் பாத்து பயப்பட வேண்டாம். அந்த கம்ப்யூட்டரும் உள்ள இருக்கற ஐஎஸ்ஏ கார்டும் எப்ப வேணா போகும், போனா அதே மாதிரி கிடைக்காது, அதனால வாங்கறப்பவே ரெட்ரோஃபிட் பண்ற (பழைய கண்ட்ரோலை எடுத்துட்டு புதுசு மாட்டற) முடிவோட வாங்குங்க. லினக்ஸ்சிஎன்சின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அமெரிக்க அரசோட தர நிறுவனமான நிஸ்ட்ல 1990-கள்ல ஆரம்பிச்ச வேலையில இருந்து வளந்தது, இன்னிக்கு ஈத்தர்நெட்ல மாட்டற மெசா கார்டு வச்சு நல்லா ஓடுது. மாக்3-ங்கற விண்டோஸ் சாஃப்ட்வேர் பழகினவங்க அதுலயே இருக்கலாம், ஆனா பேரலல் போர்ட் வேணும்னா 32 பிட் விண்டோஸ் இருக்கற பழைய பிசி தேடணும். பழைய ஸ்டெப்பர் மோட்டார் நல்லா இருந்தா அதையே வச்சுக்கிட்டு டிரைவரை மட்டும் மாத்தலாம். 200 ஸ்டெப் மோட்டாரை 8 மைக்ரோஸ்டெப்ல ஓட்டினா சுத்துக்கு 1600, ஸ்க்ரூ பிட்ச் 5 எம்எம்னா ஒரு எம்எம்முக்கு 320 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்புக்கு 3 மைக்ரான். இந்த 3 மைக்ரானைக் காட்டி மெஷின் 3 மைக்ரான் அக்யூரஸின்னு யாராவது சொன்னா அது தப்பு, ரோல்டு சி7 ஸ்க்ரூன்னா 300 எம்எம் நீளத்துக்கு 50 மைக்ரான் வரைக்கும் பிசகு இருக்கலாம்.

வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தான். 3 ஃபேஸ் மோட்டார் இருக்கற மில்லை ஓட்ட முடியுமாங்க? (வாசகி, ஈரோடு)

ஸ்பிண்டில் மோட்டார் 3 ஹெச்பிக்குள்ள இருந்தா முடியும்ங்க. மோட்டார் நேம் பிளேட்டைப் பாருங்க, 230/415 டெல்டா ஸ்டார்னு போட்டிருந்தா டெர்மினல் பாக்ஸ்ல டெல்டாவுக்கு மாத்தி, சிங்கிள் ஃபேஸ் இன்புட் விஎஃப்டி (மோட்டார் ஸ்பீடை மாத்தற எலக்ட்ரானிக் டிரைவ்) ஒண்ணு போட்டா 230-ல 3 ஃபேஸ் குடுத்து ஓட்டிடும், ஸ்பீடும் மாத்திக்கலாம். வெறும் 415 மட்டும் போட்டிருந்தா ரீவைண்டிங் கடைக்காரர்கிட்ட திறந்து காட்டணும். சர்வோ டிரைவ் இருக்கற ஃபேக்டரி மெஷின்னா பெரும்பாலும் அதுக்கு உள்ள தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதுக்கும் 3 ஃபேஸ் கேக்கும், அந்த மாதிரி மெஷினை வீட்டுக்குன்னு யோசிக்காதீங்க. தனியா எர்த் பிட் ஒண்ணு போட்டுடுங்க, விஎஃப்டி இருக்கற இடத்துல எர்த் சரியில்லன்னா கண்ட்ரோல் காரணமே இல்லாம நின்னு நின்னு போகும், கைக்கும் ஆபத்து. அப்புறம், காசு வாங்கி ஜாப் ஒர்க் பண்ண ஆரம்பிச்சா வீட்டு கனெக்ஷன்ல ஓட்டக் கூடாது, அதுக்கு டேரிஃப் வேற.

என் பொண்ணு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடறா, டிஸ்ட்ரிக்ட் லெவல்ல ஆடறா. அவ உயரத்துக்கு பட் பிளேட்டும் (தோள்ல படற தட்டு) ஹேண்ட் ஸ்டாப்பும் (முன் கை நிக்கற தடுப்பு) செட்டாக மாட்டேங்குது, வெளிநாட்டு பார்ட் விலை ஜாஸ்தி. சின்ன சிஎன்சி வாங்கி நானே செய்யலாமா? (வாசகர், மதுரை)

தாராளமா செய்யலாம், அந்தக் குழந்தைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. பட் பிளேட், சீக் பீஸ் தாங்கற பிராக்கெட், ஹேண்ட் ஸ்டாப், சைட்டைத் தூக்கற பிளாக், எல்லாமே அலுமினியம், எல்லாமே 150 எம்எம்க்குள்ள, சின்ன மில்லுக்குன்னே பொறந்த வேலை. 6061 இல்லன்னா 6082 கிரேடு வாங்குங்க, சாதாரண பாத்திர அலுமினியம் கட்டர்ல ஒட்டும். சைட் (குறி பாக்கற பார்ட்) மாட்டற ரயில் 11 எம்எம் டவ்டெயில் (பக்கம் உள்வாட்டமா சாஞ்ச தடம்). இதுல ஒரு விஷயம், அகலம் 11-ன்னு சொன்னாலும் கோணம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால ஒரே துண்டா டவ்டெயில் வெட்டி தள்ளி மாட்டறதை விட ரெண்டு துண்டா செஞ்சு பக்கவாட்டுல ஸ்க்ரூ வச்சு இறுக்கற மாதிரி டிசைன் பண்ணுங்க, சின்ன வித்தியாசத்தை அது விழுங்கிடும். சின்ன டவல் பின்னை கோணத்துல படுக்க வச்சு மேல கேலிபர் வச்சு அளந்தா ரயிலோட உண்மையான அளவு தெரியும். மூலை எல்லாம் நல்லா உருட்டுங்க, கன்னத்துலயும் தோள்லயும் படற பொருள். வெட்டறதுக்கு முன்னாடி கோச்கிட்ட ரூல் புக்கை வாங்கிப் பாருங்க, சைட்டோட சேத்து ரைஃபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது, பட் பிளேட்டுக்கும் அளவு வரம்பு இருக்கு, எக்யூப்மென்ட் செக்ல நிறுத்திட்டாங்கன்னா குழந்தை மனசு உடைஞ்சுடும்.

ஆனா பேரல், வால்வு, டிரிகர், காத்து சிலிண்டர், இது நாலையும் தொடாதீங்க. அந்த சிலிண்டர்ல 200 பார் அழுத்தம் இருக்கு, அதுல ஒரு ஓட்டை போட்டாலோ ஒரு நூல் சுரண்டினாலோ அது குண்டு. சட்டப்படியும் 4.5 எம்எம், 20 ஜூலுக்குள்ள இருக்கறதாலதான் அந்த ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு 2016 ஆயுத விதிகள்ல இருக்கு, பவரைக் கூட்டற வேலை பண்ணினா அந்த விலக்கு போயிடும்.

எங்க ஊர் மலையடிவாரம். நாட்டுத் துப்பாக்கி ரிப்பேருக்கு ஆள் இல்ல. மில் வாங்கினா அதுல பார்ட் செஞ்சு குடுக்கலாமா? (வாசகர், தர்மபுரி)

கூடாதுங்க. 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுல செய்யறது மட்டும் இல்ல, ரிப்பேர் பண்றது, மாத்தி அமைக்கறது, டெஸ்ட் பண்றது எல்லாத்துக்கும் லைசென்ஸ் வேணும்னு இருக்கு. லைசென்ஸ் இல்லாம செஞ்சா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கறவர் கொண்டு வந்தாலும் உங்களுக்கு லைசென்ஸ் இல்லாம தொடக் கூடாது, அவரை லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர்கிட்ட அனுப்பி விடுங்க. உங்க ஊர்ல விவசாயம் இருக்கு, பம்பு செட்டு, ஸ்ப்ரேயர், பவர் டில்லர் பார்ட்டு, கையில மில் இருந்தா வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

மொத்தமா ஒரு தொகை வச்சிருக்கேன். மெஷினுக்கே முழுசா போடலாமா? (வாசகர், திருப்பூர்)

போடாதீங்க. மூணுல ஒரு பங்கை எடுத்து தனியா வைங்க, அது இல்லாம மெஷின் ஷெட்டுல சும்மா நிக்கும். நல்ல கிரவுண்டு வைஸ் ஒண்ணு, இஆர் கோலெட் செட், பேரலல் பிளாக், கிளாம்ப் கிட், எட்ஜ் ஃபைண்டர், 3, 6, 10 எம்எம் கட்டர் ரெண்டு ரெண்டு, டயல். ஸ்பிண்டில் டேப்பர் பிடி30-ஆ, ஐஎஸ்ஓ 30-ஆ, ஆர்8-ஆன்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க, பிடி30-ன்னா கோவையிலயும் சென்னையிலயும் ஹோல்டர் கடையில கிடைக்கும், வேற ஏதாவது கம்பெனிக்குன்னே செஞ்ச டேப்பர்னா மெஷினோட குடுக்கற ஹோல்டர் எத்தனைன்னு எண்ணி வாங்குங்க, அப்புறம் கிடைக்காது. புல் ஸ்டட்டும் (ஹோல்டரை மேல இழுத்துப் புடிக்கற ஆணி) அந்த மெஷினோடதேதானான்னு பாருங்க, தப்பான ஸ்டட் போட்டா ஓடறப்ப ஹோல்டர் கழண்டு விழும்.

மெஷின் வந்து லெவல் பண்ணி, ஹெட்டை ட்ராம் பண்ணி (டேபிளுக்கு செங்குத்தா நிமித்தி), ஆயில் எல்லா ஸ்லைடுக்கும் வந்ததும், முதல் வேலையா அதே மெஷின்ல அதே வைஸுக்கு அலுமினியத்துல ஒரு ஜோடி சாஃப்ட் ஜா (பார்ட்டைக் கவ்வற தாடை) வெட்டுங்க. வெட்டறப்ப கண்ணாடி போடுங்க, கையுறை போடாதீங்க, பிசிரை விரலால தள்ளாம பிரஷ்ஷால தள்ளுங்க. ஜா மேல டயலை ஓடவிட்டு எவ்வளவு காட்டுதுன்னு தேதியோட நோட்டுல எழுதி வைங்க, அடுத்த வருஷம் அதே இடத்துல வச்சுப் பாக்கறப்ப அந்த நம்பர் தேவைப்படும்.